திட்டாமல் மருந்து தந்தவர்களுக்கு நன்றி

பிறை அடுக்குமாடி அண்டை வீட்டார், உறவினர், அரசாங்க ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரு மட்டும் போடாதே" என்றார்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. தைப்பூச விரதம் என்று சொல்லி, இவர் சம்சு சாராயத்தை ஒரே நாளில் நிறுத்தினார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். மறுநாள் சாயங்காலம் கை நடுங்கி, கிளாஸில் இருந்த தேத்தண்ணி பாதி மேசையில் கொட்டியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாமி வந்திருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார்! ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காதான், "சாமியும் இல்ல பூதமும் இல்ல, காடிய எடுங்க" என்று காரில் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று வார்டில்தான் விளக்கினார்கள்.

வார்டு நர்ஸ் மிஸ்ஸிகளை மறக்க முடியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, "கைய நீட்டுங்க அண்ணே" என்று விரல் நடுக்கத்தைப் பார்ப்பார்கள். வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு டயஸெபாம் கொடுத்து, அதையும் நாளுக்கு நாள் குறைத்து நிறுத்தினார்கள். "குடிகாரன்" என்ற வார்த்தையை அங்கே ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை. வெளியே சொந்தக்காரர்கள் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம் டாக்டர். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எழுதித் தந்தார். குடித்தாலும் பழைய சுகம் தெரியாமல் மூளையில் தடுத்துவிடும், ஆசையும் தணியும் என்றார். ஒரு கல்யாண வீட்டில் இவர் மறுபடி குடித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரோ, "எத்தனை கிளாஸ்? அன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டு, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார். சீனி வியாதிக்காரர் லட்டு சாப்பிட்டுவிட்டு வந்தால் எப்படிக் கேட்பாரோ, அப்படி. இவர் நிமிர்ந்தது அன்றைக்குத்தான் என்பேன்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு இவரை அழைத்துப்போன சீன அங்கிளுக்கும் நன்றி. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது அது. கட்டணம் கிடையாது, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். இவருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். அங்கிளின் மலாய் அதைவிட மோசம். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு போன் வந்துவிடும், அரை மணி நேரம் பேசுவார்கள். என்ன புரிந்துகொள்கிறார்களோ!

டாக்டர் சரி என்று சொல்லும்வரை லோரி சாவியைக் கொடுக்காமல், ஸ்டோரில் வேலை கொடுத்துச் சம்பளத்தையும் நிறுத்தாத முதலாளிக்குத் தனி நன்றி.

வரும் தீபாவளிக்கு நம் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. எல்லாரும் வந்துவிடுங்கள். குடிக்க ரோஸ் சிரப்பும் தே தாரேவும்தான். மச்சான்மார்களே, காடி பின்பெட்டியில் எதையும் மறைத்துக்கொண்டு வராதீர்கள், நான் திறந்து பார்ப்பேன்.