புகை போட்டு வளர்க்கும் வீடு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. இங்கே ஜப்பானில் குளிர் விட்டுவிட்டது. மகள் லீவு போட்டு என்னைப் பழைய வீடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள்.

கவாசாகி நகரத்தில் 'நிஹோன் மின்கா-என்' என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம், 1967-ல் திறந்தது. பல ஊர்களிலிருந்து 20-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் ஏறினோம். கூடத்தின் நடுவே தரையில் சதுரக் குழி, நிறைய சாம்பல், அதில் விறகு எரிகிறது. 'இரோரி' என்கிறார்கள். மேலேயிருந்து தொங்கும் கொக்கியில் இரும்புக் கெண்டி. புகைபோக்கியே கிடையாது.

புல் வேய்ந்த கூரைக்குக் கீழே நெருப்பா என்று பதறிவிட்டேன். விறகைத் தள்ளிக்கொண்டிருந்த தொண்டர் ஒரு பெரியவர். அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள். புகை மேலே ஏறிப் புல்லை உலர்த்துமாம், பூச்சியை அண்டவிடாதாம். அடுப்பு அணைந்த வீட்டில்தான் கூரை சீக்கிரம் மக்கும். அண்ணாந்து பார்த்தேன். உத்தரமெல்லாம் எண்ணெய் தேய்த்தது போலக் கறுத்து மின்னுகிறது.

இன்னொரு நாள் டோக்கியோவில் ஓட்டா வட்டாரத்தில் 'ஷோவா வாழ்க்கை அருங்காட்சியகம்'. ஷோவா என்றால் பேரரசர் ஹிரோஹிதோ இருந்த காலம். அரசு வீட்டுக்கடனில் 1951-ல் கட்டிய சின்ன மரவீடு. அந்த வீட்டுப் பெண் கொய்சுமி கசுகோ, மரச்சாமான்களின் வரலாற்றை ஆராய்ந்தவர், 1999-ல் சட்டி பானையோடு அப்படியே திறந்துவிட்டார். கால் மடக்கும் குட்டை மேசை ஒன்று. அதில்தான் சாப்பாடு, துடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பாடம். ராத்திரி காலை மடக்கிச் சுவரில் சாய்த்தால் அதே அறையில் படுக்கை.

தன் அம்மா செய்த வீட்டுவேலைகளை அவர் ஆவணப்படமாகவும் எடுத்துவைத்திருக்கிறார். கிமோனோவைத் தையல் பிரித்துத் துண்டு துண்டாகத் துவைத்து, கடற்பாசிப் பசை பூசிப் பலகையில் இழுத்து ஒட்டிக் காயவைத்து, திரும்பத் தைப்பார்களாம். ஒரு உடுப்புக்கு எத்தனை நாள் உழைப்பு, பார்! அரண்மனையையும் வாளையும் காட்ட ஆயிரம் இடம் இருக்கிறது. ஒரு அம்மாவின் வேலையைக் காட்ட ஒரு வீட்டையே கொடுத்தாரே, அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

என் சால்வையில் இன்னும் அந்த விறகுப்புகை வாசம். துவைக்க மனசு வரவில்லை.

சித்திரையில் வந்துவிடுவேன். மாத்திரையை நிறுத்திவிடாதே.

உன்,
கோமதி