ஃபார்மலினில் தொடங்க வேண்டிய சிகிச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் கண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏற்ற சிகிச்சையைச் செயற்கை நுண்ணறிவு வகுத்துத் தரும் என்னும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆனால் அந்தக் கணிப்புக்கு ஆதாரமான திசு எப்படி ஆய்வகத்துக்கு வந்து சேர்கிறது என்பதை அவை பேசுவதில்லை. திசுக்களை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

இத்தகைய கணிப்புகளின் பெரும் பயன், வேண்டாத கீமோதெரபியைத் தவிர்க்க உதவுவதுதான். 21 மரபணுக்களை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தரும் ஆன்கோடைப் பரிசோதனையைக் கொண்டு பத்தாயிரம் பெண்களிடம் நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ள, ஹெர்-2 (கட்டியை வேகமாக வளரச் செய்யும் புரதம்) இல்லாத, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத நோயில் 11 முதல் 25 வரை என நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சையே போதும் என்று அது காட்டியது. ஆனால் 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீமோவால் ஓரளவு பயன் இருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. மேலை நாட்டினரைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே நம் பெண்களுக்கு இந்நோய் வருவதால், அந்த இரண்டாவது முடிவை நாம் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும்.

பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் பரிசோதனை, திசுவில் உள்ள ஐந்து புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து, கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு மாறிவிட்டன என்னும் தரம்), நிணநீர்க் கணுக்களின் நிலை ஆகியவற்றோடு சேர்த்து, இயந்திரக் கற்றல் முறையில் ஐந்தாண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கிறது. வெளிநாட்டுப் பரிசோதனையான ஆன்கோடைப்பைவிடச் செலவு குறைவு. இந்திய நோயாளிகளின் திசுக்களிலும் சோதிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சியே.

ஆயினும் இவ்விரண்டுக்கும் தேவைப்படுவது, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்னும் திரவத்தில் பதப்படுத்தி, மெழுகில் பதித்த திசுதான். அகற்றிய கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் அது அதில் ஊற வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் வெட்டித் திறந்துதான் இட வேண்டும்; இல்லாவிட்டால் ஃபார்மலின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் திசு சிதையத் தொடங்கிவிடும். சிறு ஊர்களிலிருந்து, கைக்குக் கிடைத்த குப்பியில் போதாத ஃபார்மலினுடனோ வெறும் சலைன் உப்புநீரிலோ, நோயாளியின் உறவினரே பேருந்தில் எடுத்து வந்த திசுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.) அப்படிக் கெட்ட திசுவில் ஹார்மோன் ஏற்பி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம், டமாக்ஸிஃபென் என்னும் விலை மலிவான ஹார்மோன் சிகிச்சை மாத்திரையால் பயன் பெறக்கூடிய பெண்ணுக்கு அது மறுக்கப்பட்டுவிடும். சாயம் சரியாக ஏறாத திசுவிலும் கணினி தயங்காமல் ஒரு மதிப்பெண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணைக் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்கோ நோயாளிக்கோ அதில் உள்ள பிழை தெரிய வாய்ப்பில்லை.

அரசு மருத்துவமனைகளில் இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்த முற்படும் முன், சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்திவரும் புற்றுநோய்ப் பதிவேட்டைப் போன்ற நம்முடைய தரவுகளோடு அவற்றின் கணிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் எந்த வயதினரிடம், எந்த நாட்டினரிடம் சோதிக்கப்பட்டது என்பதைப் பரிசோதனை அறிக்கையிலேயே அச்சிடச் செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலமாகும். ஆனால், திசுவோடு அனுப்பும் படிவத்தில் கட்டி அகற்றப்பட்ட நேரம், ஃபார்மலினில் இடப்பட்ட நேரம் என இரண்டு கட்டங்களைச் சேர்த்து, அவை நிரப்பப்படாத படிவங்களைப் பற்றி உடனே விசாரிக்குமாறு ஆய்வகங்களுக்கு உத்தரவிடப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. மக்கள் நல்வாழ்வுத் துறை அதை இந்த ஆண்டே செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் பேராசிரியர்,
மதுரை.