7ஆம் நம்பர் கேசட்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. திட்டாதே. மழைக்கு வியாசர்பாடி என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எல்லோரும் சௌக்கியம்.

ராயபுரம் எக்ஸ்ரே சென்டரில் போன வாரம், நாம் பிலிம் போட்டுப் படம் எடுத்த பழைய கேசட் பெட்டியையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டார்கள். எண்ணிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் ஒன்றைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஸ்க்ரீனை நகத்தால் சுரண்டி, "இந்த அட்டை எதுக்கும் ஆவாது சார், அலுமினியத்துக்குத்தான் வெயிட்டு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதில் ஒரு கீறல் விழுந்ததற்கு டாக்டர் நம் இருவரையும் எப்படி வறுத்தெடுத்தார்!

புதிதாகச் சேர்ந்த பையன், "பிலிம்தானே படம் பிடிக்கும், நடுவில் அட்டை எதற்கு?" என்றான். டிஜிட்டலிலேயே வளர்ந்தவன், பாவம். பிலிம் தானாக எக்ஸ்ரேயைப் பிடிப்பது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் ஊடுருவிப் போய்விடும். முன்னும் பின்னும் இருக்கும் ஸ்க்ரீன்தான் அதை வாங்கி வெளிச்சமாக்கித் தருகிறது, படத்தின் கறுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் அந்த வெளிச்சத்தின் வேலை என்றேன். ஸ்க்ரீன் இல்லையென்றால் நோயாளிக்குப் பல பத்து மடங்கு கதிர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். நம்பவில்லை.

சரி என்று இரண்டு கேசட்டைத் திறந்து டேபிளில் வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு எக்ஸ்போஷர். கடோலினியம் பூசிய ரேர் எர்த் ஸ்க்ரீன் பளிச்சென்று பச்சையாக மின்னியது. பக்கத்தில் பழைய கால்சியம் டங்ஸ்டேட் சோகை பிடித்த நீலம். 1896இல் எடிசன் தேடிப் பிடித்த பொருள், எழுபதுகளில் கடோலினியம் வரும் வரை அதுதான் ராஜா. பையன் "இன்னொரு தடவை சார்" என்றான். பச்சை ஸ்க்ரீனில், நீல வெளிச்சத்துக்கான பிலிமைப் போட்டு, படம் சரியாக விழாததற்கு மெஷின்மேல் பழி சொன்ன நம் கதையை அவனிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் 7ஆம் நம்பர் கையில் கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா, அந்த 12க்கு 15 அங்குலம்? காசிமேட்டு லாஞ்சு டிரைவருக்குக் கிட்னியில் கல் என்று சொல்லி, மனுஷன் பத்து நாள் வாழைத்தண்டுச் சாறு குடித்துவிட்டு வந்தார். மறுபடி எடுத்தோம். கல் அசையவே இல்லை. மறுநாள் ஒரு அம்மாவுக்கும் அதே இடத்தில், அதே அளவில் கல்! டாக்டர் இரண்டு பிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "கேசட்டைத் திற" என்றார். ஸ்க்ரீனில் எண்ணெயோடு அப்பிக்கொண்டிருந்தது ஒரு துணுக்கு. அந்த இடத்தில் வெளிச்சம் மறைந்து, பிலிம் கறுக்காமல், அச்சு அசலாகக் கல்லைப் போல வெள்ளையாகவே நின்றுவிட்டது. டார்க் ரூமில் பேஜோ பார்சலை, அந்த பர்மா எண்ணெய்ப் பலகாரத்தை, பிரித்துத் தின்றுகொண்டே கேசட்டில் பிலிம் லோடு பண்ணியது யார்? இத்தனை வருஷம் நான் வாய் திறந்தேனா?

துணுக்கை அன்றே எடுத்துவிட்டோம், கறை மட்டும் போகவில்லை. இப்போதும் மிளகு அளவில் மஞ்சளாக இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் கடைக்காரரிடம் எடைக்கு விலை கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

உன் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது. முதல் நாளே வந்துவிடுகிறேன், கேசட்டோடு.

அன்புடன்,
மணி