ஓரம் நறுக்கப்பட்ட 1955 கிளெமென்டே அட்டை: முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: தங்கள் ஏல வாடிக்கையாளர், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, பழைய விளையாட்டு அட்டைகள் ஏல நிறுவனம்.

பொருள்: 1955-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் அட்டைத் தொகுப்பின் 164-ஆம் எண் அட்டை, விவரக் குறிப்புக்கு மாறாக ஓரம் நறுக்கப்பட்ட நிலையில் விற்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் சென்ற இளவேனிற்கால ஏலத்தில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் படம் அச்சிட்ட, மேற்குறிப்பிட்ட சேகரிப்பு அட்டையை நான் வாங்கினேன். அசல் ஓரங்கள் கொண்டது, எவ்வித மாற்றமும் செய்யப்படாதது, நடுத்தரத்துக்கு மேலான நிலையில் உள்ளது, படம் நன்கு மையத்தில் அமைந்தது என்று தங்கள் விவரக் குறிப்பு கூறியது. எனக்கு வந்து சேர்ந்ததோ இரண்டு ஓரங்கள் நறுக்கப்பட்ட அட்டை. தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்றும் அதைச் சோதித்து, 1 முதல் 10 வரையிலான மதிப்பெண் எதையும் தராமல், அட்டை அசலானதுதான், ஆனால் மாற்றம் செய்யப்பட்டது என்ற சீட்டுடன் முத்திரையிட்ட உறையில் திருப்பி அனுப்பியுள்ளது. அதன் பிறகும் பணத்தைத் தர மறுத்துத் தாங்கள் கூறிய இரண்டு காரணங்களும் ஏற்கத்தக்கவை அல்ல என்பதை எழுத்து வடிவில் பதிவு செய்யவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாக 1955 டாப்ஸ் தொகுப்பைச் சேர்த்து வருகிறேன். எண்கள் 210 வரை சென்றாலும் நான்கு எண்கள் வெளியிடப்படவே இல்லை என்பதால், 206 அட்டைகளே முழுத் தொகுப்பு ஆகும். 161-ஆம் எண்ணில் தொடங்கும் கடைசி வரிசை மற்றவற்றைவிட அரிதாகவே கிடைக்கிறது. கிளெமென்டேயின் அட்டை அந்த வரிசையில்தான் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடும் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் அந்த ஆண்டு டாப்ஸ் தொகுப்பில் இல்லை, போட்டி நிறுவனமான போமனிடம் இருந்தார். ஆகவே இத்தொகுப்பைச் சேர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸின் 123-ஆம் எண்ணிலும் கிளெமென்டேயின் 164-ஆம் எண்ணிலும்தான். இருவருக்கும் அதுவே முதல் அட்டை. பைரட்ஸ் அணிக்கு மட்டுமே 18 பருவங்கள் ஆடி, சரியாக 3,000 ஹிட்களுடன் (பந்தை அடித்துத் தளம் சேர்ந்த அடிகளுடன்) நின்று, 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டு சென்ற விமானத்தில் உயிரிழந்த அந்த ஆட்டக்காரரின் முதல் அட்டைக்கு எங்கள் நகரத்தில் என்ன மதிப்பு என்பதை, இத்தொழிலில் இருக்கும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மதிப்பை அறிந்துதான் தாங்கள் தொடக்க விலையையும் வைத்தீர்கள்.

ஏலம் முடிவதற்கு முன்பே நான் தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். படத்தில் அட்டை, நான்கு மூலைகளிலும் திருகு வைத்து இறுக்கும் தடித்த பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உறையின் சட்டம் அட்டையின் ஓரங்களை மறைத்திருந்தது. அத்தகைய உறை அட்டையை அழுத்தித் தட்டையாக்கிவிடும் என்பதாலேயே சேகரிப்பாளர்கள் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். உறையிலிருந்து எடுத்து ஒரு படமும், நீள உயர அளவுகளும் வேண்டும் என்று கேட்டேன். படமும் வரவில்லை, அளவும் வரவில்லை. "எங்கள் நிபுணர் நேரில் பார்த்துச் சரிபார்த்திருக்கிறார், ஓரங்கள் அசலானவை" என்ற பதில் மட்டும் வந்தது. அந்த எழுத்துப்பூர்வ உறுதியை நம்பித்தான் நான் விலையை உயர்த்திக் கேட்டேன். எனவே, படத்தில் கண்டபடியே விற்பனை என்ற பொது விதியை இந்த விற்பனைக்குப் பொருத்துவது முறையாகாது.

அட்டை கைக்கு வந்ததும் உறையைக் கழற்றி டிஜிட்டல் காலிப்பரால் அளந்தேன். 1955 டாப்ஸ் அட்டையின் நீளம் 95.25 மில்லிமீட்டர், உயரம் ஏறத்தாழ 66.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்த அட்டையின் நீளம் 94.4. உயரமோ இடது முனையில் 66.1, வலது முனையில் 65.5, அதாவது மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாகவே இல்லை. என்னிடமுள்ள அதே வரிசை அட்டைகள் சிலவற்றின் நடுவே இதை வைத்து அடுக்கி, மேசையில் தட்டிச் சமன்படுத்தியபோது, இது மட்டும் உள்ளே ஒடுங்கி நின்றது. பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இடது ஓரமும் கீழ் ஓரமும் வயதுக்கேற்ப மங்கிப் பழுப்பேறி, நார்கள் சற்றே தளர்ந்திருக்கின்றன. மேல் ஓரமும் வலது ஓரமும் வெளிறிய நிறத்தில், புதிதாக வெட்டிய அட்டைக்கே உரிய கூர்மையோடு இருக்கின்றன. இடது கீழ்மூலை உருண்டு தேய்ந்திருக்க, வலது மேல்மூலை மட்டும் ஊசிபோல் நிற்கிறது. ஒரே அட்டை ஒரே கைகளில் புழங்கி எழுபது ஆண்டுகளைக் கடந்திருந்தால் ஒரு மூலை மட்டும் தேய்மானத்திலிருந்து இந்த அளவுக்குத் தப்பியிருக்க வழியில்லை.

தாங்கள் புகழ்ந்து எழுதிய மையப்படுத்தலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இத்தொகுப்பு அட்டைகளில் படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு உண்டு. அச்சுத் தாளை வெட்டும்போது சற்று விலகினால் ஒரு பக்க விளிம்பு அகலமாகவும் எதிர்ப் பக்க விளிம்பு குறுகலாகவும் அமையும்; அது அந்தக் காலத்து அட்டைகளில் சாதாரணமாகக் காணும் குறை. இந்த அட்டையில் நான்கு விளிம்புகளும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன, ஆனால் நான்குமே மற்ற அட்டைகளில் உள்ளதைவிட மெலிந்திருக்கின்றன. அகலமாக இருந்த மேல் விளிம்பையும் வலது விளிம்பையும் யாரோ குறுகிய விளிம்புகளின் அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். விற்பனைக்குச் சிறப்பாகக் காட்டப்பட்ட அம்சமே மோசடியின் விளைவாக இருந்திருக்கிறது.

தங்கள் முதல் மறுப்பு, 1950-களில் ஆலையிலேயே அட்டைகள் சீரற்ற அளவில் வெட்டப்பட்டன என்பது. அது உண்மையே, அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால் ஆலையில் குட்டையாக வெட்டப்பட்ட அட்டைக்கு நான்கு ஓரங்களும் ஒரே வயதுடையவையாக இருக்கும். என் புகார் அளவை மட்டும் சார்ந்ததன்று. அளவும், ஓரத்தின் நிறமும், நாரின் தன்மையும், மூலைகளின் முரண்பாடும், விளிம்பின் மெலிவும் சேர்ந்து ஒரே முடிவைக் காட்டுகின்றன. தங்கள் பதிலில் முதலாவதைத் தவிர மற்ற எதைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாவது மறுப்பு, திருப்பி அனுப்புவதற்கான 14 நாள் கெடு முடிந்துவிட்டது என்பது. இதைத்தான் என்னால் சிறிதும் ஏற்க இயலவில்லை. பொட்டலம் வந்த மறுநாளே அளவுகளையும் படங்களையும் இணைத்து நான் தங்களுக்கு எழுதினேன். "தரமதிப்பீட்டு நிறுவனத்தின் முடிவைப் பெற்று அனுப்புங்கள், மாற்றப்பட்டது என்று அவர்கள் கூறினால் பரிசீலிக்கிறோம்" என்று பதில் அளித்தவர் தங்கள் அலுவலரே. அந்த நிறுவனங்களில் வரிசை எவ்வளவு நீளம், முடிவு வர எத்தனை வாரங்கள் ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. தாங்களே ஓர் இடத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே காத்திருந்த காலத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவது நேர்மையான வணிகத்துக்கு அழகல்ல.

ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இழப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தொலைபேசியில் தங்கள் அலுவலர் கேட்டார். உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ்பால் அட்டையான, டி206 என்ற பழைய சிகரெட் அட்டைத் தொகுப்பைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னர் அட்டையின் கதையை அவர் அறிந்திருப்பார். 1991-இல் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 4,51,000 டாலருக்கு வாங்கிய அந்த அட்டையின் ஓரத்தைத் தாம் நறுக்கியதாக ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். அஞ்சல்வழி மோசடிக் குற்றத்துக்காக 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஓரம் நறுக்கியதைச் சொல்லி விற்பது வேறு, மறைத்து விற்பது வேறு. நறுக்கப்பட்டது என்று விவரக் குறிப்பில் எழுதியிருந்தால் நானே, அதற்குரிய குறைந்த விலையில், இதை மகிழ்ச்சியோடு வாங்கியிருக்கக்கூடும். ஏனெனில் மாற்றப்படாத கிளெமென்டே அட்டைகள் என் போன்றோர் கைக்கு எட்டாத விலைக்குச் சென்றுவிட்டன.

ஆகவே அட்டையின் முழு விலையையும், வாங்குபவரிடம் தாங்கள் வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தையும், தரமதிப்பீட்டுக் கட்டணத்தையும், இருவழிக் காப்பீட்டு அஞ்சல் செலவையும் திருப்பித் தருமாறு கோருகிறேன். பணம் வந்ததும் அட்டையை முத்திரை உடையாத உறையிலேயே அனுப்பிவைப்பேன். அந்த உறையை உடைத்துச் சீட்டை எடுத்துவிட்டு, இதே அட்டையை மறுபடியும் அசல் ஓரங்கள் கொண்டதாக விற்க மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் எனக்கு வேண்டும். தங்கள் பழைய விலைப் பதிவேட்டில் இந்த விற்பனை இன்றும் மாற்றப்படாத அட்டைக்குரிய விலையாகவே காட்டப்படுகிறது. அந்தப் பதிவைப் பார்த்து விலை முடிவு செய்யும் மற்ற சேகரிப்பாளர்களின் நலன் கருதி அதையும் திருத்த வேண்டும். இதே நபர் விற்பனைக்கு ஒப்படைத்த மற்ற அட்டைகள் தங்களிடம் இருக்குமானால், அவற்றையும் உறையிலிருந்து எடுத்து அளந்து பார்ப்பது தங்களுக்கே நல்லது.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், என் கடன் அட்டை வங்கியிடம் இத்தொகை பற்று வைக்கப்பட்டதை எதிர்த்து முறையிடுவதோடு, பென்சில்வேனியா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் அளிப்பேன். ஏல விவரக் குறிப்பின் நகல், ஏலத்துக்கு முன் தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல், தரமதிப்பீட்டுச் சீட்டின் படம், காலிப்பர் அளவுகளுடன் எடுத்த நான்கு ஓரங்களின் பெரிதாக்கப்பட்ட படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்