மாலை போட்ட படம் போதாது, கேள்விக்குப் பதிலையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2026 மே 7ஆம் திகதி லண்டனில் உள்ள 32 கவுன்சில்களுக்கும், அதாவது உள்ளூராட்சி சபைகளுக்கும், தேர்தல். கொஞ்ச நாளாக உங்கள் பத்திரிகையில் தமிழ் வேட்பாளர்களின் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் கோயில் வாசலில் மாலையோடு, இன்னொருவர் விளையாட்டு விழாவில் கேடயம் கொடுக்கிறார், வேறொருவர் பொங்கல் மேடையில் குத்துவிளக்கு ஏற்றுகிறார். எங்கள் ஆட்கள் இத்தனை பேர் நிற்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கட்சியின் பெயர், சமூக சேவையாளர் என்று ஒரு பட்டம், அவ்வளவுதான். இவர் கவுன்சிலுக்குள் போனால் எதற்குக் கை உயர்த்துவார், எதை எதிர்ப்பார் என்று ஒரு வரி கூட இல்லை. நான் உங்கள் பத்திரிகையை விரும்பிப் படிப்பவள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மண்டபத்தில் வேட்பாளர்களை மேடையில் இருத்திக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. கேட்டவர்களில் ஒருவர் இலங்கை பற்றிய ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாத் தீர்மானம் பற்றிக் கேட்டார், ஒருவர் விசாக் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்றார், ஒரு அம்மா டொக்டரிடம் அப்பொயின்ட்மென்ட் கிடைப்பதில்லை என்று அழாக்குறையாகச் சொன்னார். எல்லாமே நியாயமான கேள்விகள், ஆனால் இவற்றில் ஒன்று கூட கவுன்சிலர் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. ஜெனீவாவைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன், அதற்கு எம்.பி.க்கள் இருக்கிறார்கள், 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் தமிழரான உமா குமரன் வென்று பாராளுமன்றம் போனபோது அதற்காகவும்தான் சந்தோஷப்பட்டோம். கவுன்சில் வேறு. மேடையில் இருந்தவர்களும் அதைச் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்ததுதான் எனக்குக் கவலை.

கவுன்சில் என்றால் குப்பை எடுப்பதும் பார்க்கிங் டிக்கெட் அடிப்பதும்தான் என்று எங்கள் சனம் நினைக்கிறது. உண்மையில் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் முதியவர்களின் பராமரிப்புக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குமே போகிறது. என் பெரியம்மா வேறொரு கவுன்சில் பகுதியில் தனியாக இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. கவுன்சில் ஏற்பாட்டில் காலையில் அரை மணி நேரம் ஒரு பராமரிப்பாளர் வந்து, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, பாணை வாட்டி வைத்துவிட்டுப் போவார். பெரியம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது. முழங்கால் நோகிறது என்று சொல்லப் பெரியம்மா முழங்காலைத் தொட்டுக் காட்டினால், குளிருகிறது போல என்று நினைத்து அந்தப் பிள்ளை போர்வையை இழுத்துப் போர்த்திவிடும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அந்த அரை மணி நேரம் முக்கால் மணி ஆகுமா, தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பும்படி ஒப்பந்தத்தில் எழுத முடியுமா என்பதெல்லாம் கவுன்சிலின் கையில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், தகுதி உள்ளவர் கவுன்சில் ஆளை அனுப்புவதற்குப் பதிலாகப் பணமாக வாங்கித் தானே ஒருவரை அமர்த்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதிதான் சொன்னார். இத்தனை தமிழ் முதியவர்கள் உள்ள இடத்தில் இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கச் செய்வேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், கட்சி பார்க்காமல் அவருக்குப் போடுவேன்.

அப்புறம் காசு. கவுன்சில் வரியை ஒரு வருடத்தில் 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்றுவதென்றால் பொதுவாக மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆனால் 2023இல் குரோய்டனில் அரசாங்கத்தின் அனுமதியோடு வாக்கெடுப்பு இல்லாமலே 15 சதவீதம் ஏற்றினார்கள், ஏனென்றால் அந்தக் கவுன்சில் 2020இலும் 2022இலும் கணக்கைச் சமப்படுத்த முடியவில்லை என்று 114ஆம் பிரிவு அறிவித்தல் விட்டிருந்தது. வருமானம் வரும் என்று 2018இல் ஏறக்குறைய 3 கோடி பவுண்டுக்கு ஒரு ஹோட்டலை வாங்கினார்கள், இரண்டு வருடத்தில் கொரோனா வந்து அதை நடத்திய கம்பெனி நொடித்துப் போனது. சொந்தமாகத் தொடங்கிய வீடு கட்டும் கம்பெனிக்குக் கொடுத்த கடனும் கழுத்தைப் பிடித்தது. குரோய்டனில் எங்கள் ஆட்கள் எத்தனை குடும்பம்! லண்டனுக்கு வெளியே பேர்மிங்காமும் 2023இல் அதே அறிவித்தலை விட்டது. இப்படியான முடிவுகளை எடுப்பவர்கள் கவுன்சிலர்கள். அதனால் மேடையில் நிற்பவரிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி, "அண்ணா, எங்கள் கவுன்சிலுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, தெரியுமா?" என்பதுதான்.

வாக்குச்சீட்டைப் பற்றியும் ஒரு விஷயம். நான் இருக்கும் ஹரோவில் 22 வார்டுகள், 55 கவுன்சிலர்கள். சில வார்டில் மூன்று பேர், சில வார்டில் இரண்டு பேர். மூன்று பேர் தெரிவாகும் வார்டில் ஒருவருக்கு மூன்று வாக்கு, மூன்று பெயருக்கு எதிரே புள்ளடி போடலாம். எங்கள் ஆட்களில் நிறையப் பேர் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடி ஒரு புள்ளடி போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். தங்கள் ஆள் முந்த வேண்டும் என்று தெரிந்தே அப்படிப் போடுபவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களின் கணக்கு. தெரியாமல் மீதி இரண்டையும் விட்டுவிட்டு வருபவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன். மூன்றுக்கு மேல் போட்டால் சீட்டு முழுவதும் செல்லாது, அதையும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2022இல் ஹரோவில் கன்சர்வேட்டிவ் 31 இடம், லேபர் 24 இடம், நான்கு இடம் மாறியிருந்தால் ஆட்சியே மாறியிருக்கும். அந்த வருடம் லண்டன் முழுவதும் எடுத்துப் பார்த்தால் நூறு பேரில் நாற்பது பேர் கூட வாக்குப் போடவில்லை. இந்த நிலையில் ஒரு தெருவில் உள்ள தமிழ் வீடுகள் எல்லாம் வந்து போட்டாலே ஒரு வார்டு புரளும்.

"எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, வாக்கு இருக்காது" என்று சும்மா இருப்பவர்கள் எத்தனையோ பேர். இலங்கையும் இந்தியாவும் கொமன்வெல்த் நாடுகள், அந்தப் பாஸ்போர்ட்டோடு இங்கே செல்லுபடியான விசாவில் இருப்பவருக்கு, மாணவராக இருந்தாலும், வாக்குரிமை உண்டு. பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட்டோடு குடும்பமாக இங்கே வந்தவர்கள் 2020 முடிவதற்குள் வந்து, அன்றிலிருந்து சட்டப்படி இருந்தால், கவுன்சில் தேர்தலில் வாக்குப் போடலாம். டென்மார்க் பாஸ்போர்ட் என்றால் அதற்குப் பிறகு வந்திருந்தாலும் போடலாம், இரண்டு அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. சுவிஸ், நோர்வே பாஸ்போர்ட் மட்டும் உள்ளவர்களுக்கு வழியில்லை. வாக்குச்சாவடியில் படம் உள்ள அடையாள அட்டை கேட்பார்கள், இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும், பெரியவர்கள் இலவசமாகப் பயணம் செய்யும் ஃப்ரீடம் பாஸும் செல்லும். பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தாலும் படத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. இவற்றை உங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டால் எத்தனை பேருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். படம் அனுப்பும் ஒவ்வொரு வேட்பாளருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும், மூன்று கேள்வி அனுப்புங்கள். முதியவர்களின் பராமரிப்பை எப்படி நடத்துவீர்கள், கவுன்சிலின் கடனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், உங்கள் கட்சி இங்கே ஒரு நூலகத்தை மூடச் சொன்னால் அதற்கு எதிராக வாக்களிப்பீர்களா. பதிலைப் படத்துக்குக் கீழே அப்படியே போடுங்கள். பதில் அனுப்பாதவரின் படத்துக்குக் கீழே பதில் வரவில்லை என்று போடுங்கள். விளம்பரம் கொடுக்கிறவர் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம்.

வாக்காளராகப் பதிவு செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 20. தபால் வாக்குக்கு விண்ணப்பிக்க ஏப்ரல் 21 மாலை 5 மணி வரை. படம் உள்ள அட்டை எதுவும் இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு ஏப்ரல் 28 மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த இதழ் அதற்கு முன் வருகிறது, முதல் பக்கத்தில் இந்த மூன்று திகதிகளையும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஹரோ