கிடாய்களும் ஓர் இருமலும்

டென்வர்,
டிசம்பர் 8

அன்புள்ள நண்பா,

நலம். உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். இத்தனை மாத மௌனத்துக்கான உன் திட்டுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

போன வாரம் வாட்டர்டன் பள்ளத்தாக்கில் பிக்ஹார்ன் என்னும் பெருங்கொம்புக் காட்டு ஆடுகளைப் பார்த்தேன். நகருக்குத் தென்மேற்கே சவுத் பிளாட் ஆறு மலையை அறுத்துக்கொண்டு வெளியேறும் இடம் அது. ஆற்றோரமாக அணை வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மண்சாலை போகிறது. இந்த ஆடுகளை முன்னிட்டே அங்கு நாய்களை அனுமதிப்பதில்லை. பாறையும் ஆடும் ஒரே பழுப்பு நிறமாதலால், வாலைச் சுற்றியுள்ள வெள்ளைத் திட்டைத்தான் கண் தேட வேண்டும். வரையாடு பார்க்கப் போகையில் 'அசைவதைப் பார்' என்று வாத்தியார் ஓயாமல் சொல்வாரே, அது இங்கே எடுபடாது. இவை நெடுநேரம் அசையாமல் நின்று நம்மையே நோட்டமிடுகின்றன.

இது இணைசேரும் பருவம். ஆண்டின் பெரும்பகுதி தனிக்கூட்டமாகத் திரியும் கிடாய்கள் நவம்பர், டிசம்பரில்தான் பெட்டைகளோடு சேர்கின்றன. இரண்டு பெரிய கிடாய்கள் விலகி நடந்து, திரும்பி, பின்னங்கால்களில் எழும்பித் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தன. எதிர்ச்சரிவிலிருந்து சத்தம் என்னை வந்தடைவதற்குள் மோதலே முடிந்துவிட்டது. ஆகவே முன்னங்கால்கள் தரையைவிட்டு எழும்போதே ஷட்டரை அழுத்தத் தொடங்க வேண்டும். அப்படி எடுத்த ஒரு படத்தில், மோதிய வேகம் கழுத்திலிருந்து தொடை வரை தோலில் அலையாக ஓடுவது தெரிகிறது. 14 கிலோ வரை எடையுள்ள கொம்புகள் அல்லவா! நீ அலமாரியில் பூட்டி அடைகாக்கும் அந்த லென்ஸ் மட்டும் இங்கிருந்திருந்தால், கொம்பின் ஆண்டு வளையங்களை எண்ணி வயதையே சொல்லியிருப்பேன்.

ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது கிடாய்கள் அல்ல. சாலையோரம் மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு பெட்டை தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, விடாமல் இருமியது. மூக்கோரம் ஈரமாக இருந்தது. ஓர் இருமலை வைத்து நோய் என்று தீர்மானிக்க முடியாது, தூசியாகவும் இருக்கலாம். எனினும் 1980-81 குளிர்காலத்தில் அணை கட்டப்பட்டபோது இதே மந்தையில்தான் பல ஆடுகள் நிமோனியாவில் மடிந்தன. வளர்ப்புச் செம்மறிகளும் வெள்ளாடுகளும் பெரிதாகப் பாதிக்கப்படாமல் சுமக்கும் ஒரு பாக்டீரியா, இந்தக் காட்டு ஆடுகளின் மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்யும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. பிறகு மற்றக் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. பிழைத்த பெட்டைகளில் சில கிருமியைச் சுமந்தபடியே திரிவதால், அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறக்கும் குட்டிகள் கோடை முடிவதற்குள் சாகின்றன. பலன் தரும் தடுப்பூசி கிடையாது. ஒரு மேய்ச்சல் மந்தை வழிதவறி மலையேறினாலே போதும். அந்தப் பக்கம் ஆடு வளர்ப்பவர்களும் வனத்துறையினரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. ஐடஹோ, ஒரிகன் மாநில எல்லையில் உள்ள ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் கிருமி சுமக்கும் ஆடுகளைச் சோதித்துக் கண்டுபிடித்து அகற்றியபின் சில மந்தைகளில் குட்டிகள் மீண்டும் பிழைத்திருக்கின்றன. எனக்கிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான்.

இடத்தைக் குறித்து, படங்களோடு மாநில வனவிலங்குத் துறைக்கு எழுதிவிட்டேன். மே, ஜூனில் குட்டிகள் பிறக்கும். நீ மகளைப் பார்க்க ஜூலையில் வருவதாகச் சொன்னாய் அல்லவா? வரும்போது லென்ஸை மறந்தாலும் பரவாயில்லை, பைனாகுலரை மறக்காதே. தாய்களோடு எத்தனை குட்டிகள் நிற்கின்றன என்று இருவருமாக எண்ணிப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்