‘பேங்குக்குப் போயிட்டா’ என்று சொல்லும் ஆய்வு வழிகாட்டிகளுக்கு

வானிலை, கடலியல், புவியறிவியல் துறைப் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

பருவமழையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் முனைவர் பட்டம், அதன்பின் வெளியூரில் ஒரு போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி), அதன்பின் ஒரு வங்கியின் காலநிலை இடர்ப் பிரிவு. இதுதான் என் கதை. கிளம்பிய அன்று துறை வராந்தாவில் காதில் விழுந்தது: “நல்லா வேலை செய்யிற பொண்ணு, பேங்குக்குப் போயிட்டா.” துக்கம் விசாரிக்கிற குரல். பணத்துக்காகவா போனேன்? அதுவும்தான். இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-இல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது. அது எந்த மாதம் கைக்கு வரும் என்பது தனிப் புராணம். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல.

சேர்ந்த புதிதில் ஓர் அரிசி மில் கோப்பு வந்தது. மில் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனதே, அந்த வெள்ளத்தில் மூழ்கிய மில். விரிவாக்கத்துக்கு ஏழு வருடக் கடன் கேட்டிருந்தார்கள். கோப்பில் ‘வெள்ள இடர்: 100-க்கு 31, குறைவு’ என்றிருந்தது. வெளி நிறுவனத்திடம் வங்கி விலைக்கு வாங்கிய மதிப்பெண். எப்படி 31 என்று தோண்டினேன். முகவரிக் கட்டத்தில் மில் இல்லை, மதுரையில் இருக்கும் பதிவு அலுவலகம்! மில்லுக்குக் கோப்பில் இருந்ததெல்லாம் சர்வே எண் மட்டும். இடத்தைத் திருத்திக் கொடுத்தோம், 38 வந்தது. அதன் அடியில் இருந்தது உலகத்தையே 100 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் காலநிலை மாதிரி. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து ஒரு மில்லுக்கு 38 என்று சொல்ல முடியாது என்பது நம் துறையில் முதலாண்டு மாணவருக்கே தெரியும். அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

என் பெருமையும் அன்றே இறங்கியது. கடன் அதிகாரியிடம் மாதிரிகளின் நிச்சயமின்மை பற்றி அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மழை வருமான்னு நான் கேக்கல மேடம். வந்தா மில்லு எத்தன நாள் ஓடாது?” என்னிடம் பதில் இல்லை. நேரில் போனோம். சுவரில் வெள்ளம் நின்ற கறை என் தோளுக்கு வந்தது. நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் குழியில் சேறு, மோட்டார் அத்தனைக்கும் காயில் கட்டி, பேனல் போர்டு மாற்றி மில் மறுபடி ஓட ஒன்றரை மாதம் ஆனதாம். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். ஒன்றரை மாதம் என்பது அதில் பாதி. பருவமழையில் பட்டம் வாங்கிய எனக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தந்ததில்லை; எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

இந்த வேலை புனிதமானது என்று சொல்ல மாட்டேன். எங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள்: குறைவு, நடுத்தரம், அதிகம். ‘தெரியாது’ என்பதற்குக் கட்டம் இல்லை. தெரியாததெல்லாம் ‘நடுத்தரம்’ ஆகிவிடும். நான்காவது கட்டம் கேட்டு எட்டு மாதம் நடந்தேன். ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி கொடுத்தார்கள். அதை எத்தனை பேர் படிக்கிறார்களோ.

ஆனால் இந்தத் தேவை இனிப் பெருகத்தான் போகிறது. வங்கிகள் தங்கள் காலநிலை இடர்களை வெளியிடுவதற்கான வரைவு விதிகளை ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது. தரவுகள் சிதறிக் கிடக்கின்றன, வடிவமும் அலகும் ஒத்துப்போகவில்லை என்று அதுவே சொல்லி, அதே ஆண்டு அக்டோபரில் பொதுத் தரவகம் ஒன்றை அறிவித்தது. தரவு வரும். 38-ஐப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? உங்கள் ஆய்வகங்களிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே, உங்களிடம் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து “சார், வெளியே போகலாம்னு இருக்கேன்” என்றால், ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் குறைந்த கணக்கில் அவரை வைக்காதீர்கள். பரிந்துரைக் கடிதத்தில் “ஆராய்ச்சி ஆர்வம் சற்றுக் குறைந்தவர்” என்று எழுதாதீர்கள்; எனக்கு அப்படி ஒன்று எழுதப்பட்டது, நேர்முகத்தில் அதையே படித்துக் காட்டினார்கள். போனவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். இந்த இரண்டு வருடத்தில் ஒரு துறையும் எங்களை ஒரு செமினாருக்குக்கூட அழைக்கவில்லை. அங்கே எங்களுக்குக் கேட்க நிறைய இருக்கிறது: குறுகிய இடத்தில் பெய்யும் பெருமழையை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க உங்களிடம் இருக்கும் முறைகள், கட்டுரையாக ஆகாமல் உங்கள் கணினியில் தூங்கும் தரவுகள்.

பயணப்படி வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கொடுங்கள். அந்த மில் கோப்பை, பெயரையும் கணக்கு எண்ணையும் அழித்துவிட்டு, கொண்டுவருகிறேன். உங்கள் மாணவர்கள் அந்த 38-ஐப் பிரித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி